கவட்டைப் பனை

டிசம்பர் 2, சனி

வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் ரப்பர் மரம் ரோட்டில் படுத்துக் கிடக்கிறது. தக்கலைக்கு இப்பால் பஸ் போகாது என்று இறக்கிவிட்டான். மீதியை நடந்தேன்.

கொச்சி யார்டில் தினமும் வேலைக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எந்த வெல்டிங் சரி, எதை வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதுகிறேன்.

வீட்டுச் சேதம்: தென்னை இரண்டு வேரோடு சாய்ந்தது. ஒன்று கிணற்றுச் சுவரை உடைத்து உள்ளே தலையை விட்டிருக்கிறது. இன்னொன்று குளிமுறிக் கூரை மேல். பூவரசு நடுவில் பிளந்தது. முருங்கை இருந்த இடம் தெரியவில்லை. அடுக்களைக்குப் பின்னால் கவட்டைப் பனை நிற்கிறது. நிற்கிறது என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. மேற்குத் தலை முறிந்து, நாரில் தொங்குகிறது.

பனைக்குக் கிளை கிடையாது. எங்கள் பனைக்கு உண்டு. பாதிக்கு மேல் இரண்டாகப் பிரிந்து இரண்டு தலை. எப்போதோ இடி விழுந்து குருத்து கெட்டிருக்க வேண்டும். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே கவட்டைப் பனை வீடு.

அண்ணன் வரவில்லை. அண்ணன் கிளீட்டஸும் கூட மூன்று பேரும் புதன்கிழமை மத்தியானம் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். வியாழக்கிழமை புயல் காற்று. அம்மா வாசலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள். ரெஜி மைனி வீட்டில் இல்லை. அண்ணன் மனைவிக்கு இப்போது வீடு கடற்கரைதான் என்று அம்மா சொன்னாள்.

கரண்ட் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. நாளை முதல் வேலை கிணறு.

டிசம்பர் 3, ஞாயிறு

தென்னையைத் துண்டு துண்டாக வெட்டிக் கிணற்றிலிருந்து எடுத்தேன். தண்ணீரில் இளநீர் வாடை. மூன்று தடவை இறைத்துக் கொட்டியும் போகவில்லை. கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

மைனி வந்தாள், குளித்தாள், நின்றபடியே கஞ்சி குடித்தாள், கிளம்பினாள். தைரியம் சொல்ல வேண்டுமே என்று, "அண்ணனுக்க கையில ஜிபிஎஸ் இருக்குல்லா மைனி. எங்க அடிச்சுக் கொண்டுபோனாலும் வழி தெரியும்," என்றேன். என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது அது. மைனி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 4, திங்கள்

ஓடு, விறகு, குப்பை. எழுத ஒன்றுமில்லை. அண்ணன் வரவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

ஏணி வைத்துப் பனையைப் பார்த்தேன். கவட்டையில் தொடங்கிய விரிசல் தடியில் ஆறடி கீழே இறங்கியிருக்கிறது. கை விரல் உள்ளே போகிறது. சாய்வு கிழக்கே, அடுக்களையைப் பார்த்து. இன்னொரு காற்று வந்தால் ஓடு, சுவர், அடுப்பு எல்லாம் காலி. உள்ளே அம்மா இருந்தால் அம்மாவும்.

அம்மாவிடம் சொன்னேன். "வெட்டிரு மக்களே," என்றாள். "அடுக்களயும் போச்சுன்னா கஞ்சி எங்க வைக்கது?"

மைனி துறைமுகத்துக்குப் போயிருந்தாள். தேடப் போன கப்பல் திரும்புகிறது என்று யாரோ சொன்னார்களாம்.

டிசம்பர் 6, புதன்

பனை வெட்டியாயிற்று.

மேலூரிலிருந்து ராசையன் மெஷின் வாளோடு வந்தார். வந்ததிலிருந்து புலம்பல். "ஓய் இஞ்சினீயரே, பனைய அறுக்கது வாழைய அறுக்க மாதிரி இல்ல கேட்டீரா. இருக்க செயின் பல்லு எல்லாம் போவும்." போயிற்று. இரண்டு செயின். வடத்தை நான் கட்டினேன், திசையை நான் சொன்னேன், சரியாக நான் சொன்ன கோட்டில் விழுந்தது. அடுக்களை ஓடு ஒன்றுகூட அசையவில்லை.

விழுந்ததை டேப் வைத்து அளந்தேன். எதற்கு என்று ராசையன் கேட்டார். பழக்கம். அடியிலிருந்து கவட்டை வரை முப்பத்தெட்டு அடி. கவட்டையிலிருந்து தலை உச்சி இருபத்திரண்டு. முறிந்ததைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு தலைக்கும் இடையே ஏழடி.

மைனி பொழுது சாய வந்தாள். முற்றத்தில் கிடந்த தடியை அவள் பார்க்கவில்லை. முன்பு மரம் இருந்த இடத்தில், மேலே, வெறும் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள்.

டிசம்பர் 7, வியாழன்

மைனி என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது. பூவரசின் பிளந்த பாதியை வெட்டி, வெட்டுவாயில் சாணம் அப்பினேன். பிழைக்கும்.

விரிசல் விட்ட மரத்தை வீட்டுக்கு மேலே வைத்திருக்க முடியாது. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

டிசம்பர் 8, வெள்ளி

பேசிவிட்டாள். நான் தடியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

"யாருட்ட கேட்டு வெட்டுன தம்பி?"

"அம்மாட்ட."

"அம்மையா கடலுக்குப் போறா?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "மரம் அடுக்களையில விழுந்திருந்தா என்ன செய்வீங்க? நீங்க பாத்தீங்களா விரிசல?"

"பாத்தேன். விழுந்தா விழட்டுன்னு இருந்தேன். அவரு வாறதுக்குள்ள விழாதுன்னு இருந்தேன்."

பிறகு தெரிந்ததைத்தான் சொன்னாள். ஆனால் நான் அதை இந்த மரத்தோடு சேர்த்து யோசித்திருக்கவில்லை. கடலில் போகிறவர்கள் கரையில் இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் நிறுத்தித்தான் இடம் பிடிப்பார்கள். கணியம் என்று பேர். பின்னால் மேட்டில் எங்கள் பங்குக் கோயில் கோபுரம், முன்னால் எங்கள் பனை. பனையின் இரண்டு தலைக்கு நடுவில் கோபுரம் வந்து நின்றால் வள்ளம் சரியான கோட்டில் இருக்கிறது. மலையையும் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்துக்குக் கீழே கடலடிப் பாறை, அண்ணன் மீன் பிடிக்கிற பார். நான் பாலிடெக்னிக் போன பிள்ளை, வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன். எனக்கு இதை யாரும் சொல்லித்தர மெனக்கெடவில்லை. நானும் கேட்கவில்லை.

"எனக்க அடுக்களைய அவருக்கு அங்க இருந்து தெரியும்," என்றாள் மைனி. "ரெண்டு தலைக்குக் கீழ பொகை வந்தா, இவ சோறு வச்சுட்டா, போலாம்டேன்னு சொல்லுவாராம் கூட உள்ளவங்ககிட்ட."

"மைனி, இதெல்லாம் அந்தக் காலம். அண்ணன்கிட்ட ஜிபிஎஸ் இருக்கு. நான் வாங்கிக் குடுத்தது."

அவள் உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம். துவர்த்துத் துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து, பனந்துண்டின் மேல் வைத்தாள்.

"இன்னா இருக்கு ஒனக்க ஜிபிஎஸ்."

பிரித்தேன். அட்டைப் பெட்டி கசங்கவில்லை. உள்ளே நான் எழுதிக் கொடுத்த சீட்டு, எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்று.

"உப்புத் தண்ணி பட்டா கெட்டுப்போவும்னு கொண்டுபோவ மாட்டாரு. தம்பி வாங்கிக் குடுத்ததுன்னு வாறவனுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாரு. காட்டிட்டு உள்ள வச்சிருவாரு."

இன்று இனி எழுத முடியாது. கை மரத்துவிட்டது. கோடாலி பிடித்ததால்.

டிசம்பர் 9, சனி

ஜிபிஎஸ்ஸில் பேட்டரி போட்டுப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. முற்றத்தில் வைத்ததும் எங்கே இருக்கிறேன் என்று துல்லியமாகச் சொன்னது.

இது தண்ணீர் புகாத மாடல். பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஒரு கணக்கு போட்டேன். வீடு நிற்கிற மேடு கடல் மட்டத்திலிருந்து நாற்பது அடி. பனை அறுபது. வள்ளத்தில் நிற்கிறவன் கண் ஆறேழு அடி. பூமி வளைவைக் கழித்தால், பனை உச்சி கண்ணுக்குத் தெரியக்கூடிய தூரம் அதிகபட்சம் இருபத்தைந்து கிலோமீட்டர்.

அண்ணன் அந்த இருபத்தைந்துக்குள் இல்லை. இருந்தால் தேடினவர்கள் கண்ணில் பட்டிருப்பான். ஆகவே பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மைனியிடம் சொல்லலாம் என்று போனேன். சொல்லவில்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

கீழத்தெரு வள்ளம் ஒன்று லட்சத்தீவில் கரை ஒதுங்கியிருக்கிறது. நாலு பேரும் உயிரோடு. இத்தனை நாளும் மழைத்தண்ணீர்தான் குடித்தார்களாம். ஊரே ஓடியது. நானும் ஓடினேன். ஓடுகிறோம் என்று தெரிந்தது கீழத்தெரு முனையில், செருப்பு இல்லாததைக் கவனித்தபோது.

எங்கள் வள்ளத்தை அவர்கள் பார்த்தார்களா என்று போனில் கேட்டோம். காற்றுக்கு முந்தின பொழுது பார்த்தார்களாம். அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினானாம். அவ்வளவுதான்.

அம்மா பாயசம் வைத்து அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மைனிதான் கொண்டுபோனாள்.

டிசம்பர் 14, வியாழன்

பங்குச்சாமியார் வந்தார். திரும்பாதவர்களுக்காக இருபத்தெட்டாம் தேதி ஒரு பூசை. பெயர்களை வாசிப்பார்கள், ஆன்ம சாந்திக்காக. மற்ற வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் ஆம்பிளை நான்தான் என்று என்னைக் கேட்டார்.

"வாசிக்கணும்னு கட்டாயம் இல்ல ஜெரின். ஆனா மனசு ஒரு எடத்துல வந்து நிக்கணும்லா. உங்க மைனிக்கும் நல்லது."

சரிதான் அவர் சொல்வது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். யார்டில் நான் இதைத்தான் செய்கிறேன்: சரியில்லாததைச் சரியில்லை என்று எழுதி, அடுத்த வேலைக்குப் போவது. மைனி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாமியார் போன பிறகு, "வாசிச்சா நான் அந்தக் கோயில்ல இனி கால் வைக்கமாட்டேன்," என்றாள். சத்தம் போடவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜர் போன் செய்தார். லீவு முடிந்துவிட்டதாம். எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 15, வெள்ளி

மைனி அரிசி கழுவின தண்ணீரை வெட்டி மிஞ்சின பனங்குற்றியில் ஊற்றுகிறாள். தினமும் ஊற்றியிருக்கிறாள், இன்றுதான் பார்த்தேன். வெட்டின பனை துளிர்க்காது. தலை போனால் போனதுதான், அது தென்னையானாலும் பனையானாலும். இது அவளுக்குத் தெரியாததல்ல.

ஊற்றிவிட்டு அந்தக் குற்றியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், கடலைப் பார்த்து.

டிசம்பர் 16, சனி

நாகர்கோவில் போய் நாலு அங்குல ஜிஐ பைப், கொஞ்சம் மெல்லிய பைப், கம்பி வடம், அதை முறுக்கி இறுக்க டர்ன்பக்கிள் வாங்கிவந்தேன். வெல்டிங் செட்டு வாடகைக்கு.

முற்றத்தில் ஒரு கம்பம் இருந்தால் நல்லது. லைட் போடலாம். இடிதாங்கி வைக்கலாம். டிவிக்கும் ஆகும்.

டிசம்பர் 18, திங்கள்

வெல்டிங் முழுவதும் நானே. மற்றவன் போட்ட வெல்டிங்கைக் குறை சொல்லியே நாலு வருஷம் ஓட்டிவிட்டேன். நாமே போட்டாலும் அதே கண்தான். இரண்டு இடத்தில் திருப்தியில்லை, அரைத்தெடுத்து மறுபடி போட்டேன்.

அடியிலிருந்து முப்பத்தெட்டு அடியில் கவட்டை. அதற்கு மேல் இரண்டு கை, உச்சியில் இரண்டுக்கும் ஏழடி இடைவெளி. கையின் முனையில் கம்பி வளையம் உருண்டையாகக் கட்டி, அதில் ஷெட்டில் கிடந்த அண்ணனின் பழைய வலையைச் சுற்றினேன், அடர்த்தியாக. கறுப்பு பெயிண்ட்.

உயரத்தில் ஒரு மீட்டர் கூட்டினால் எவ்வளவு கூடுதல் தூரம் தெரியும் என்று கணக்குப் பார்த்தேன். முந்நூறு மீட்டர் சொச்சம். சொற்பம்.

கூட்டினேன்.

அம்மா வந்து பார்த்தாள். "இது என்னதுடே?"

"டிவிக்கு."

"ரெண்டு டிவிக்கா?"

டிசம்பர் 19, செவ்வாய்

கம்பம் ஏற்றியாயிற்று. குற்றியில் மைனி உட்காருகிறாள் என்பதால் அதை விட்டு ஐந்தடி தள்ளிக் குழி. மண்ணும் அங்கே கெட்டி. கான்கிரீட், நாலு பக்கம் கம்பி வடம்.

இழுத்து நிமிர்த்த மிக்கேல் மாமா நாலு ஆள் கூட்டிவந்தார். அப்பாவோடும் அண்ணனோடும் கடலுக்குப் போனவர். வடத்தைப் பிடித்துக்கொண்டே ஆளாளுக்குப் பேச்சு.

"லேய் ஜெரினே, ஊர்ல இந்தக் கிறிஸ்மஸுக்கு ஒருத்தனும் நட்சத்திரம் கட்டல்ல. நீ மட்டும் கொடிமரமா நாட்டுகா?"

"நட்சத்திரம் இல்ல ஓய். டிவிக்கு."

"டிவியா! எந்த தேசத்து சானல் புடிக்கப் போறான்? அமெரிக்காவா?"

மிக்கேல் மாமா மட்டும் சிரிக்கவில்லை. கம்பம் நிமிர்ந்து, மேலே இரண்டு கறுப்புத் தலையும் ஆடி அடங்கியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். மற்றவர்களும் அண்ணாந்தார்கள்.

மைனி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். எல்லாருக்கும் கட்டன்சாயா கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததில் இனிப்பு அதிகம்.

டிசம்பர் 21, வியாழன்

சோதித்துப் பார்க்காத வேலை முடிந்த வேலை இல்லை. மிக்கேல் மாமாவிடம் வள்ளத்தில் கூட்டிப்போகச் சொன்னேன்.

"நீயா? ஒனக்க அண்ணங்காரன் கடல்ல பொறந்தவன். நீ ஏறுனா வள்ளத்துக்கே மண்ட சுத்தும்."

வள்ளத்துக்குச் சுற்றவில்லை. எனக்குச் சுற்றியது. பார் வரை போகுமுன் மூன்று தடவை.

கரையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டர். மாமா மலையையும் தொட்டியையும் பார்த்து மெல்லத் திருப்பிக் கொண்டுபோய் எஞ்சினை நிறுத்தினார். "இதுதான் எடம். பாத்துக்க."

பார்த்தேன். கோபுரம் நடுவில் இல்லை. மேற்குத் தலைக்கும் அந்தப் பக்கம், தனியாக நின்றது.

"மாமா, நீங்க எடம் தப்பு."

"மருமவனே, எடம் எங்கயும் போவல்ல. அடில பாரு கெடக்கு பாரு." தூண்டில் கயிற்றை இறக்கினார். பன்னிரண்டு பாகம், எழுபது அடிச் சொச்சம், இறங்கியதும் ஈயம் தட்டியது. பாறைதான்.

ஐந்தடி. நான் குற்றியை விட்டுத் தள்ளிய ஐந்தடி. வாந்திக்கு நடுவில் மனக்கணக்குப் போட்டேன். கம்பத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே ஐந்நூறு அடி. இங்கே அது கிட்டத்தட்ட இருநூறு அடி பிசகு. என் கம்பத்தை நம்பி வருகிறவன் பாரை விட்டு இருநூறு அடி தள்ளி வெறும் சேற்றில் வலை போடுவான்.

அண்ணன் சேற்றில் வலை போடுவதைப் பற்றி எழுதுகிறேன் என்பது எழுதின பிறகுதான் உறைக்கிறது. அடித்துத் திருத்தவில்லை, கிடக்கட்டும்.

டிசம்பர் 22, வெள்ளி

மைனியிடம் சொன்னேன். கோபுரம் உள்ளே விழவில்லை, ஐந்தடி மாற்ற வேண்டும், அங்கே குற்றி இருக்கிறது, வேறு வழி பார்க்கிறேன் என்று.

அவள் கையில் அரிசித் தண்ணீர்ச் சட்டி. அதை வாழைக்கு ஊற்றினாள்.

"குற்றிய எடுத்துரு."

"மைனி, வேண்டாம்னா..."

"எடுத்துருன்னு சொன்னேன்லா. மரம் போச்சு. எடம் போவப்புடாது."

மத்தியானம் முழுக்கத் தோண்டினேன். பனை வேர் ஒவ்வொன்றும் விரல் தடிமன், ஆயிரக்கணக்கில், கம்பிக்கட்டு மாதிரி. மண்வெட்டி தெறிக்கிறது. திரும்பிப் பார்த்தால் மைனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் கடப்பாரை போடுகிறாள். "நீ இடிக்கது மொதல்ல சரியில்ல தம்பி. இப்பிடி நெம்பு," என்றாள். எரிச்சலாக இருந்தது. நெம்பினேன். அசைந்தது.

டிசம்பர் 23, சனி

குற்றி வெளியே. மைனி அதை உருட்டிக்கொண்டுபோய் அடுக்களை வாசலில் போட்டாள். உட்கார.

டிசம்பர் 25, திங்கள்

பூசைக்குப் போனோம். நட்சத்திரம் இல்லை, வெடி இல்லை. அம்மா இறைச்சி வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு அண்ணன் பனையில் ஏறி, ஒரு தலைக்கு ஒன்றாக இரண்டு நட்சத்திரம் கட்டினான். நான் கீழே நின்று வயர் சரியில்லை, ஷாக் அடிக்கும், இறங்கு என்று கத்தினேன். "லேய், கடல்ல இருந்து பாத்தா எப்படி இருக்கும்!" என்று மேலேயிருந்து கூவினான். நான் வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் மறுபடியும் போன். ஜனவரி ஒன்று என்றேன். "நிச்சயமா?" என்றார். எல்லாருக்கும் நிச்சயம் வேண்டும்.

டிசம்பர் 26, செவ்வாய்

பனை இருந்த அதே குழியில் கம்பம். அதே ஆட்கள். இந்தத் தடவை யாரும் டிவியைப் பற்றிக் கேட்கவில்லை. கொடிமரம் என்று கேலி செய்தவரே கான்கிரீட் கலந்தார்.

டிசம்பர் 27, புதன்

மிக்கேல் மாமாவும் நானும் கிளம்பும்போது மைனி பின்னால் வந்தாள். கடற்கரை வரை வந்தாள். வள்ளம் வரை வந்தாள். நிற்கவில்லை.

மாமா பதறிவிட்டார். "மக்களே, நீ எங்க? பொம்பளைய வள்ளத்தில ஏத்துனா ஊரு என்ன பேசும்?"

"கரையில நின்னு அங்கோடு பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சாச்சு மாமா. ஒருக்க அங்க நின்னு இங்கோடு பாக்கணும்."

மாமா தலையைச் சொறிந்தார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வலையைக் குனிந்து பார்த்தார்கள்.

"ஏறு," என்றார்.

எனக்கு வழக்கம்போல். மைனிக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அலை தெறித்தபோது முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள், வந்து சேரும்வரை பார்க்க மாட்டேன் என்பதுபோல.

மாமா எஞ்சினை நிறுத்தினார். "திரும்பு மக்களே."

திரும்பினாள்.

மேட்டில் எங்கள் கம்பம். இரண்டு கறுப்புப் புள்ளி. இரண்டுக்கும் நடுவில், வெள்ளையாக, கோபுரம். மயிரிழை பிசகில்லை. நான் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பிசகில்லை.

மைனி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்புறம், "இவ்வளவுதானா?" என்றாள். "கொசு மாதிரில்லா தெரியுது. இதப் பாத்தா அவரு எனக்க அடுக்களையக் கண்டாரு?"

"தேடுகவனுக்குத் தெரியும்," என்றார் மாமா.

அப்போது கம்பத்துக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. பத்து மணிக்கு அடுப்பில் தேங்காய் மட்டை போடச் சொல்லி அம்மாவிடம் நான்தான் சொல்லிவைத்திருந்தேன். சோதனைக்காக. புகை தடிமனாக, கறுப்பாக, தீப்பிடித்ததுபோல் எழும்பியது.

மைனி சிரித்துவிட்டாள். "அத்த ஈர மட்டயப் போட்டுட்டா. வீடு பூரா கரி அப்பியிருக்கும்."

புயலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே வலது கையை உயரத் தூக்கினாள், கரையைப் பார்த்து. யாருக்கும் அது தெரியாது, அந்தத் தூரத்தில் ஆள் தெரியாது, நான் கணக்குப் போட்டவன். கொஞ்ச நேரம் அப்படியே தூக்கி வைத்திருந்தாள். பிறகு கையை மடியில் வைத்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா எஞ்சினை உடனே கிளப்பவில்லை. வள்ளம் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வாந்தி வரவில்லை.

டிசம்பர் 28, வியாழன்

காலையில் சாமியாரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெயரை வாசிக்க வேண்டாம் என்றேன்.

"மைனி சொன்னாளா?"

"நான் சொல்லுகேன், பாதர்."

அவர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. "நம்பிக்கை இருக்கா ஜெரின்?" என்று கேட்டார். இருபத்தைந்து கிலோமீட்டர் கணக்கைச் சொல்லலாமா என்று பார்த்தேன். "கம்பம் சரியா நிக்குது பாதர்," என்றேன். அவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். அங்கிருந்தும் தெரிகிறது.

மூன்று பேரும் பூசைக்குப் போனோம். பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீட்டிலிருந்து அழுகை. எங்கள் பெயர் வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். முடிந்த பிறகும் விடவில்லை.

டிசம்பர் 31, ஞாயிறு

நாளை கிளம்புகிறேன். கிணற்றுச் சுவர் பூசியாயிற்று. குளிமுறிக்குப் புது ஷீட். பூவரசு வெட்டுவாய்க்குக் கீழே மூன்று துளிர் விட்டிருக்கிறது.

ஜிபிஎஸ்ஸை மிக்கேல் மாமாவிடம் கொடுத்துவிடலாம், சும்மா கிடந்து என்ன பயன் என்று மைனியிடம் சொல்லப் போனேன். அவள் அதைப் புதுத் துவர்த்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைக்கச் சொன்னேன், உள்ளேயே இருந்தால் கசியும். சரி என்றாள்.

அம்மாவுக்குப் பராமரிப்பு சொல்லிக்கொடுத்தேன். காற்று வந்து போனால் நாலு வடத்தையும் கையால் தட்டிப் பார்க்க வேண்டும், தளர்ந்திருந்தால் எனக்குப் போன். உப்புக் காற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயிண்ட், அதற்கு நான் வருவேன். வலை வெயிலில் பொடிந்துவிடும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகச் சுற்ற வேண்டும். மைனி குற்றியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பைப்பு எவ்வளவு காலம் நிக்கும் தம்பி?" என்றாள்.

சுவர்க்கனம், துரு பிடிக்கிற வேகம் எல்லாம் பார்த்தேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷம் என்றேன்.

"அதுக்குப் பொறவு?"

அதற்குப் பிறகு வேறு பைப் மாற்ற வேண்டும். அளவு என்னிடம் இருக்கிறது.